தோட்டம் – வாசகர் கேள்வி பதில்: இலையுதிர் காலத்தில் மரக்கன்று தேர்வு

கேள்வி: குளிர் மிகுந்த ஊரில் குடியிருக்கிறோம். வீட்டு முன்புறத்தில் ஒரு மரமும் சில குத்துச்செடிகளும் வைக்க எண்ணியிருக்கிறேன். இலைகள் உதிரத் தொடங்கிவிட்டன. இப்போதே நடலாமா, வசந்தம் வரும்வரை பொறுக்க வேண்டுமா?

பதில்: பொறுக்க வேண்டியதில்லை. இலையுதிர்க்கும் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே ஏற்ற பருவம். காற்று குளிர்ந்துவிட்டாலும், கோடை முழுவதும் வெயில் வாங்கிய மண் மேலும் பல வாரங்களுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். இலைகளை உதிர்த்த கன்று நீரை அதிகம் இழப்பதில்லை. தளிர் விடும் வேலையும் அதற்கு இல்லை. எனவே மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்வரை, தண்டிலும் கிளையிலும் சேர்த்து வைத்திருக்கும் உணவைக் கொண்டு பல மரங்கள் வேர்விட்டுக்கொண்டே இருக்கும். மண் உறைவதற்குக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பாக நட்டு முடித்துவிடுங்கள்.

இதற்கு விலக்குகளும் உண்டு. பிர்ச், மக்னோலியா, ஓக் வகைகளில் பல ஆகியவை மெதுவாக வேரூன்றுபவை. அவற்றை வசந்தத்துக்கு ஒத்திவைப்பது நல்லது. ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் செடிகள் குளிர்காலத்திலும் இலை வழியே நீரை இழப்பதாலும், உறைந்த மண்ணிலிருந்து அந்த நீரை ஈடுசெய்ய வேரால் இயலாததாலும், அவற்றைப் பருவத்தின் தொடக்கத்திலேயே நட்டுவிட வேண்டும்.

கேள்வி: நண்பர் வீட்டுச் சிவப்பு மேப்பிள் இந்தப் பருவத்தில் தீப்பிடித்ததுபோல் நிற்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே இனத்தில் ஒரு கன்று வாங்கி நட்டு 4 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மரம் மஞ்சளாக மாறி உதிர்வதோடு சரி. எங்கே தவறினோம்?

பதில்: பெயரை நம்பியதுதான் தவறு. சிவப்பு மேப்பிள் விதையிலிருந்து வளர்க்கப்பட்டால், ஒரே மரத்தின் பிள்ளைகள்கூட ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் மாறக்கூடும். குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால், ஒட்டுக்கட்டியோ தண்டு வேரூன்றச் செய்தோ பெருக்கிய, தனிப்பெயருள்ள ரகத்தை வாங்க வேண்டும். அல்லது நர்சரிக்கு இந்தப் பருவத்திலேயே சென்று, நிறத்தைக் கண்ணால் பார்த்து எடுத்துவர வேண்டும். இலையின் மஞ்சள் நிறமி எப்போதும் அதில் இருப்பதுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியன்று. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியை இலை இந்தக் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். உங்கள் மரம் நிழலில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. தொட்டியில் வேர் நெருக்குண்டு வாடும் கன்று மற்றவற்றுக்கு முன்பே நிறம் மாறிவிடும். வரிசையில் அது மட்டும் சிவந்து நிற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அதேபோல், சுடர்ச் சிவப்புக்காகவே விற்கப்படும் சிறகுத்தண்டு யூவோனிமஸ் என்னும் குத்துச்செடி சில நிலப்பகுதிகளில் காட்டுக்குள் பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. உங்கள் பகுதியில் அது அப்படிப் பரவும் செடிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: பருவ இறுதியில் கன்றுகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். இலையே இல்லாத கன்று உயிரோடு இருக்கிறதா, நலமாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: சிறுகிளை ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. ஆனால் நான் முதலில் பார்ப்பது வேரைத்தான். கடைக்காரரின் அனுமதியோடு கன்றைத் தொட்டியிலிருந்து சற்றே உருவிப் பாருங்கள். மண்ணைப் பிடித்தபடி பல திசைகளிலும் வெளிர்நிற வேர்கள் ஓடினால் நல்லது. தடித்த வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டிக் கயிறு சுற்றியதுபோல் வளைந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்படியொரு கன்றை நான் உயரத்துக்கு மயங்கி வாங்கி, 5 ஆண்டுகள் வளர்த்தேன். ஒருநாள் காற்றில் சாய்ந்த மரத்தைத் தோண்டிப் பார்த்தபோது, வேர்கள் அப்போதும் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டிருந்தன. அவற்றில் ஒன்று அடித்தண்டையே இறுக்கியிருந்தது.

தண்டு அகன்று வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்றும் பாருங்கள். கம்பம் நட்டதுபோல் தண்டு நேராக மண்ணுக்குள் இறங்கினால், கன்று ஆழமாகப் புதைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு அளவுகள் கிடைத்தால் சிறியதையே தேர்ந்தெடுப்பேன். வேரூன்றக் குறைந்த காலமே எடுத்துக்கொள்வதால், சில ஆண்டுகளில் அது பெரியதை எட்டிப் பிடித்துவிடும். இடத்தைக் கணிக்கும்போது மட்டும் கன்றின் அளவை மறந்து, முழு வளர்ச்சியில் அது எவ்வளவு அகலம் படரும் என்று கேளுங்கள். அந்த அகலத்தின் பாதியாவது சுவருக்கும் தண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஹாலி செடி பூக்கிறது, ஆனால் ஒரு பழம்கூடப் பிடிப்பதில்லை.

பதில்: ஹாலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உங்களுடையது பெண்ணாக இருந்து அருகில் ஆண் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது அதுவே ஆணாக இருக்கலாம். இப்போது நர்சரியில் பழத்தோடு நிற்பவை எல்லாம் பெண் என்பதால் அவற்றை அடையாளம் காண்பது எளிது; ஆணுக்கு மட்டும் பெயர்ச்சீட்டையே நம்ப வேண்டும். ஒரே சமயத்தில் பூக்கும் ரகமாக ஓர் ஆண் செடி இருந்தால், அருகிலுள்ள பல பெண் செடிகளுக்குப் போதும்.

கேள்வி: நடும்போது குழியை ஆழமாகத் தோண்டி உரம் இடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். குழியின் ஆழம் வேர்க்கட்டியின், அதாவது வேரும் அது பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டையின், உயரத்தைத் தாண்டக் கூடாது. குழியின் அகலம் வேர்க்கட்டியின் அகலத்தைப்போல் 2 அல்லது 3 மடங்கு இருக்கலாம். தோண்டிய மண்ணையே திரும்ப இட்டு மூடி, நன்றாக நீர் ஊற்றி, மேலே 5 முதல் 8 செ.மீ. வரை மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, மரத்துண்டு போன்றவை) பரப்புங்கள். மூடாக்கு தண்டைத் தொடாதபடி ஒரு கையகல இடைவெளி விடுங்கள். இலை இல்லையே என்று நீரை நிறுத்திவிடாமல், மண் உறையும்வரை ஈரம் காயும்போதெல்லாம் ஊற்றி வாருங்கள்.