குட்டைப் பேரல் பிஸ்டலில் தற்காப்புத் தோட்டா சரியாக விரியுமா? எப்படிச் சோதிப்பது?

கேட்டவர் அமெரிக்காவில் 3 அங்குலப் பேரல் உள்ள 9 எம்எம் பிஸ்டல் வைத்திருக்கிறார். தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பலாமா என்பது அவர் கேள்வி.

அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் 4 அங்குலச் சோதனைப் பேரலில் எடுத்தது. ஸ்பீர் கோல்ட் டாட் 124 கிரெயின் (குண்டின் எடை, சுமார் 8 கிராம்) +பி (வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம்) தோட்டாவையே பாருங்கள். சாதாரண ரகத்துக்கு 4 அங்குலத்தில் வினாடிக்கு 1,220 அடி என்று போட்டிருக்கும். 'ஷார்ட் பேரல்' ரகத்துக்கு 3.5 அங்குலத்தில் 1,150 அடி. குறைந்த வேகத்திலும் மலரும்படி குண்டை வடிவமைத்ததுதான் இதில் விஷயம்.

குட்டைப் பேரல் என்றால் குண்டு ஆழம் போகாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது பல நேரம் நேர்மாறு. வேகம் போதாத ஹாலோ பாயின்ட் குண்டு (முனையில் குழி உள்ளது, பட்டதும் விரிய வேண்டியது) விரியாது. விரியாத குண்டு ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அளவுகோல், சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குல ஆழம். 18-ஐத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கும் ஆபத்து. அதனால் வேகத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தினால் பாதிச் சோதனைதான்.

முதலில் வேகம். பிஸ்டல் பேரல் நீளத்தில் தோட்டா உட்காரும் சேம்பரும் அடக்கம். ரிவால்வரில் சிலிண்டர் சேராது, ஆனால் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் வாயு கசியும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பாதீர்கள். பேரல் நீளங்களை ஒப்பிடுவதானால் கிளாக் 43 (3.41 அங்குலம்), 19 (4.02), 17 (4.49) போல ஒரே குடும்பத்துப் பிஸ்டல்களை எடுப்பது நல்லது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை பேரல் வாயிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் வெடிப்பலை சென்சாரை ஏமாற்றும். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பெட்டியிலிருந்து பேரலுக்கு 10 தோட்டா; சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் குறியுங்கள். வெயிலில் கிடந்த தோட்டா கூடுதல் வேகம் காட்டும், நிழலில் வையுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு பேரல்களே 20, 30 அடி வேறுபடும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நீளத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது, தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெல். 250 புளூம் (ஜெல்லின் உறுதியைக் குறிக்கும் அளவு) ஜெலட்டின் தூள் 1 கிலோவுக்குத் தண்ணீர் 9 லிட்டர். 6×6×16 அங்குல அச்சு ஒன்று நிரம்பும். குளிர்ந்த நீரில் தூவி 2 மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாகச் சூடாக்குங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜெல் வலுவிழந்து ஆழம் பொய்யாகக் கூடும். பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சில சொட்டு லவங்கப்பட்டை எண்ணெய். உறைந்ததும் 4 டிகிரியில் ஒன்றரை நாளாவது இருக்கட்டும். எடுத்த கையோடு .177 அங்குல இரும்பு பிபியை (ஏர் கன்னின் சிறு உருண்டை) வினாடிக்கு 590 அடி வேகத்தில் சுட்டுப் பாருங்கள்: 7.5 முதல் 9.5 செ.மீ. இறங்கினால் ஜெல் சரி. கண்ணாடி மாதிரி தெரியும் செயற்கை ஜெல்லுக்குக் குளிர்பெட்டி வேண்டாம், உருக்கி மறுபடி வார்க்கலாம். ஆனால் அதில் வரும் ஆழத்தை எஃப்பிஐ எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. ஒரு ரகத்தோடு இன்னொரு ரகத்தை ஒப்பிடவே அது உதவும்.

ஜெல்லுக்கு முன்னால் நாலு மடிப்பு டெனிம் (ஜீன்ஸ் துணி) தொங்கவிடுங்கள். வெறும் ஜெல்லில் பெரும்பாலான குண்டுகள் பூவாக மலரும். டெனிம் வைத்தால்தான் சாயம் வெளுக்கும். 10 அடியிலிருந்து, பேரலுக்கு 5 குண்டு, தடங்கள் ஒன்றையொன்று தொடாமல். ஒரு பிளாக் 16 அங்குலம்தான் என்பதால் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ரேஞ்சின் மண் மேடு.

எடுத்த குண்டைக் கேலிப்பரில் அகலமான இடத்திலும் குறுகலான இடத்திலும் அளந்து சராசரி எடுங்கள். துணி நாரை உரித்துவிட்டு எடை போடுங்கள். குழிக்குள் நீல நார் கெட்டியாக அடைத்து, விளிம்பு மடங்காமல் இருந்தால் அந்த ஆழம் விரியாத குண்டின் ஆழம். அப்படி ஐந்தில் இரண்டு வந்தாலே அந்தப் பேரலுக்கு அந்தத் தோட்டாவை நான் எடுக்க மாட்டேன், சராசரி 14 அங்குலம் என்று அழகாக வந்தாலும் சரி.