ஒருமுறை படம் பிடித்தால் போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் பள்ளத்தூர். காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 16,000 ரூபாய். வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. அதனால் வேறு வருமானத்துக்கு வழி தேடுகிறேன்.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்குச் செட்டிநாட்டுப் பலகாரம் போட ஒரு அம்மா வருவார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மணகோலம், சீப்புச் சீடை எதுவானாலும் அவர்கள் கைபட்டால் தனி ருசி. அவர்களுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்து முப்பது பலகாரத்தையும் செல்போனில் படம் எடுத்து ஆன்லைன் கோர்ஸாக விற்கலாமா என்று யோசிக்கிறேன். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் வாங்குவார்கள்.

கோர்ஸ் விற்பது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு பயிற்சிக்கு விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. 45,000 ரூபாய், தவணையில் கட்டலாமாம். ஒருமுறை படம் பிடித்துப் போட்டால் தூங்கும்போதும் பணம் வரும் என்கிறார்கள். சேரட்டுமா? விலை எவ்வளவு வைக்கலாம்? நீங்கள் உங்கள் அண்ணமிண்டியோடு (அண்ணன் மனைவியோடு) சேர்ந்து இப்படி வகுப்பு நடத்தியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த 45,000 ரூபாயை மட்டும் கட்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஊரடங்குச் சமயத்தில் நானும் இப்படி ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டினேன். மூன்று நாள் வகுப்பு. அதில் பாதி நேரம் இன்னும் விலை கூடிய அடுத்த பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதிலேயே போனது. உருப்படியாகச் சொல்லித்தந்தது, விற்கும் பக்கத்தில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு 'இன்னும் 3 இடம்தான்' என்று எழுதுவதை. மத்திய அரசு 2023 நவம்பரில் கொண்டுவந்த நுகர்வோர் வழிகாட்டு நெறிகளில் இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. உங்களிடம் யாரும் அப்படிப் பணம் வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்களும் அந்தக் கடிகாரத்தை வைக்காதீர்கள்.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். பலகாரம் சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆசையாகக் கற்றுக்கொள்ள வருகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் 'இரண்டு நாள் கூலி' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, எங்கள் முதல் பாடத்துக்கு என்ன ஆனது என்பதைச் சொல்ல வேண்டும்.

வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கினோம். அண்ணமிண்டி ஆழாக்கு என்ற பழைய அளவுப் பாத்திரத்தில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தார். நம் வீடுகளில் காலங்காலமாக இதுதான் அளவு. படம் அழகாக வந்தது. வாங்கியவர்கள் 11 பேர். அதில் 6 பேருக்குப் பணியாரம் வரவில்லை. ஒருவருக்குத் தட்டையாய் விறைத்துப்போனது. ஒருவருக்கு எண்ணெய் குடித்துத் தொய்ந்துபோனது. எங்கள் படத்தை நாங்களே பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தும் தப்பு எங்கே என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு பெண்ணை வீடியோ காலில் அழைத்து, அவர் அடுப்படியிலேயே முதலிலிருந்து செய்யச் சொன்னோம். அளக்கும்போதே அண்ணமிண்டி, "நில்லு, அந்தக் கிண்ணத்தைக் காட்டு" என்றார். அகலவாய்க் கிண்ணம். வாய் அகலமானால் கோபுரத்தில் நிற்கும் உளுந்து கூடிவிடும். உயரமான டம்ளரில் அளந்தவருக்கு உளுந்து குறைந்துவிட்டது. ஆழாக்கு இல்லாத வீட்டில் 'கோபுரமாக' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அன்றைக்கே ஒரு சின்னத் தராசு வாங்கினோம். அண்ணமிண்டியின் ஆழாக்கில் இருந்ததை நிறுத்துப் பார்த்தால் அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, கிட்டத்தட்ட. அதே பெண் மாவை ஊற்றியபோது அது கரண்டியிலிருந்து விழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு அண்ணமிண்டி, "இன்னும் ஒரு கரண்டி பால் விட்டு இளக்கும்மா" என்றார். அடுத்த பணியாரம் பூரித்து மேலே வந்தது. அந்தப் பெண் அங்கே அழுதுவிட்டார், இங்கே நாங்களும்.

வகுப்பு என்பது அந்த அரைமணி நேரம்தான் என்று அன்று எனக்குப் புரிந்தது. அதற்குமுன் எடுத்து வைத்த படமெல்லாம் அதற்கு முன்னேற்பாடு. அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியடிக்கு, அதாவது வட்டிக்கடையில் எடுபிடியாகத் தொழில் பழக, போன நம் ஊர்ப் பையன்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பையன் கணக்கு எழுதினான், அவனுக்கு மேலே இருந்த அடுத்தாள் பார்த்துத் திருத்தினார், மறுநாளும் எழுதினான். நீங்களே கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு இது தெரியும்.

திருத்த ஆளில்லாத பாடம் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்திய பாடங்களைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 பேர். பெரிய பெரிய பேராசிரியர்கள் நடத்தியே இந்த நிலை. 199 ரூபாய்க்கு முப்பது வீடியோவை வாங்கிப்போடுகிறவர் மூன்றாவதைத் திறப்பாரா என்பதே சந்தேகம்.

ஆகவே முப்பது வேண்டாம். ஒன்றே ஒன்று, அதிகம் போனால் மூன்று. எட்டுப் பேரைச் சேருங்கள். படத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அடுப்புமுன் நிற்கவைத்துச் செய்யச் சொல்லுங்கள். யார் மாவு நீர்த்திருக்கிறது, யார் எண்ணெய் காயவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது. அந்த அம்மாவால்தான் முடியும். கோர்ஸே அவருடைய கண்தான். இரண்டு நாள் கூலியோடு அவரை அனுப்பிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெறும் படம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஐம்பது வருஷம் புகையில் நின்று சேர்த்ததை இரண்டு நாள் சம்பளத்துக்கு வாங்கிக் காலமெல்லாம் விற்பது தப்பு. நீங்கள் தெரிந்து செய்யவில்லை, விளம்பரக்காரர்கள் அப்படிப் பேசப் பழக்கிவிட்டார்கள். வகுப்புக்கு அவர் பெயரை வையுங்கள். முகம் காட்டச் சம்மதமா என்று கேளுங்கள். கழிவெல்லாம் போக வருவதில் அவருக்கு இவ்வளவு பங்கு, அவர் வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடுவோம் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் சரிபாதி வைத்துக்கொண்டோம். மாதம் பிறந்ததும் எத்தனை பேர், எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். அவருக்குப் படிக்க வராவிட்டால் அவர் வீட்டில் ஒருவர் முன்னால் படித்துக் காட்டுங்கள்.

படம் எடுப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பார்க்க அழகாய் இருக்கிறதே என்று வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பெரிய கூடத்தில், வைத்து எடுக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், அவ்வளவு உயரத்தில் கூரை. பேசுவதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். நாங்கள் மூன்று நாள் எடுத்ததை அப்படியே தூக்கிப்போட்டோம். பிறகு வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் ஒரு சின்ன அறையில் நாலு பக்கமும் ஜமுக்காளம் கட்டி எடுத்தோம். மைக்கைக் கழுத்தருகே குத்திக்கொண்டால் செல்போனே போதும்.

விலை. முதல் எட்டுப் பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் வைத்து, அவர்களுக்குப் பலகாரம் வந்த பிறகு 1,500க்கு ஏற்றலாம். மாதம் ஒரு குழு, எட்டுப் பேர் என்றால் 12,000 வரும், பாதி உங்களுக்கு. ஆறாயிரம் ரூபாய்க்கு நாலு ஞாயிறு உழைக்க வேண்டும். தூங்கும்போது வராது. யூடெமி போன்ற, கோர்ஸ் விற்கும் இணையச் சந்தையில் போட்டால், அவர்கள் மூலம் வருபவர் வாங்கியதில் உங்களுக்கு 37 சதவீதம், உங்கள் இணைப்பு வழியாக வந்தவர் என்றால் 97 சதவீதம். தொடக்கத்தில் சந்தையே வேண்டாம், வாட்ஸ்அப்பும் யுபிஐயும் போதும். வெளிநாட்டுக் கார்டு எடுக்கும் பேமென்ட் கேட்வே பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. வெளிநாட்டுப் பணம் வரத்தொடங்கியதும் உங்கள் கடை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வருமான வரிக் கணக்கில் இதையும் காட்ட வேண்டும்.

இந்த வாரமே அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். செல்போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று முழுக்கச் சொல்லிவிட்டு, பங்கு எவ்வளவு என்று அவரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா