ரோபாட்டிக்ஸ் படிப்பு: முதலில் ஆய்வகத்தைப் பாருங்கள்

கேள்வி: மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ரோபாட்டிக்ஸில் முதுநிலை படிக்க ஆசை. ஆய்வேடு எழுதும் படிப்பு, பாடங்களும் புராஜெக்ட்டும் மட்டும் உள்ள படிப்பு என்று இரண்டு வகை இருக்கிறதாமே, எதில் சேர்வது?

பதில்: இன்னும் யாரும் விடை கண்டுபிடிக்காத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஆய்வு வழி. சீக்கிரம் வேலைக்குப் போய்ப் பொருள் உருவாக்க வேண்டும் என்றால் மற்றது; அதில் ஒன்றும் குறைவில்லை. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொடங்கிய ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் இரண்டுமே உண்டு. எம்.எஸ்.ஆர். படிப்பில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும், எம்.ஆர்.எஸ்.டி. படிப்பில் குழுவாகச் சேர்ந்து ஒரு ரோபோவை வடிவமைத்து இயக்கிக் காட்ட வேண்டும்.

ஆய்வு வழிதான் என்று முடிவெடுத்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வகம் முக்கியம், ஏனென்றால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழியும். அங்கே நிஜ ரோபோ கைக்குக் கிடைப்பதும் முக்கியம்: சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் உருவாக்கிய மாதிரி உலகில், ஜோராக நடக்கிற ரோபோ நிஜத் தரையில் இறக்கியதும் தடுமாறும். உராய்வு வேறு, மோட்டார் கட்டளையை ஏற்கிற தாமதம் வேறு, சென்சாரில் வருகிற இரைச்சல் வேறு. இதைச் சரிசெய்வது ஆய்வுக்கு இடைஞ்சல் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். நல்ல ஆய்வுக் கேள்விகள் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன, அந்தச் சிரமத்தை விட்டுவிடாதீர்கள்.

அதனால் நீங்கள் சேர நினைக்கிற ஆய்வகத்தின் பேராசிரியர் சமீபத்தில் ஐ.சி.ஆர்.ஏ., ஐ.ஆர்.ஓ.எஸ். போன்ற சர்வதேச ரோபாட்டிக்ஸ் மாநாடுகளில் வெளியிட்ட கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயராக முதுநிலை மாணவர் யாராவது இருக்கிறாரா? அப்புறம் அங்கே இப்போது படிக்கிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: ஒரு ரோபோவை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள், பேராசிரியரை வாராவாரம் பார்க்க முடிகிறதா, உதவித்தொகை முழுப் படிப்புக்கும் வருகிறதா. கூச்சமே வேண்டாம், இது உங்கள் இரண்டு வருட வாழ்க்கை.

கேள்வி: சேர்வதற்கு முன் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, பைத்தான், கொஞ்சம் சி++. ரோபோ நிரல்கள் எழுத உதவும் மென்பொருள் தொகுப்பான ராஸ் (ROS) கற்பதென்றால் நேரே ராஸ் 2-க்குப் போய்விடுங்கள், பழைய ராஸின் கடைசிப் பதிப்பான நோயட்டிக்குக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கணித முறையான, கால்மன் 1960-ல் வெளியிட்ட வடிகட்டியை (Kalman filter), தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு எதையும் தொடாமல், நீங்களே நிரலாக எழுதிப் பாருங்கள். சென்சார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று ரோபோ எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது அதிலேயே புரிந்துவிடும்.

கேள்வி: ஆய்வு வழியில் படித்தால் பிஎச்.டி. செய்தே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஆய்வேடு முடிகிற நேரத்தில் முடிவெடுத்தால் போதும்.