அழிப்பானைக் கீழே வையுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபோட்டோஷாப் பற்றியவை. விசைகளை விண்டோஸ் கணக்கில் சொல்லியிருக்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

120 பொருட்களின் படங்களை ஒரே அளவுக்குக் குறைத்து, மூலையில் லோகோ வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் அரை நாள் ஓடிவிடுகிறது.

ஒரு படத்தில் செய்து, அதே படிகளைத் திரும்ப ஓட்டும் ஆக்‌ஷனாகப் பதிவு செய்யுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் என்பதற்குள் இருக்கும் இமேஜ் பிராசஸரிடம் மொத்த ஃபோல்டரையும் கொடுத்துவிடுங்கள். அளவு, ஜேபெக் தரம், எந்த ஆக்‌ஷன் என்று எல்லாம் அந்த ஒரே சாளரத்தில் கேட்கும்.

பலரும் சறுக்குவது லோகோவில்தான். அதைக் கையால் இழுத்து மூலையில் வைத்தால் ஆக்‌ஷன் அந்தத் தூரத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். நிமிர்ந்த படம் ஒன்று வந்ததும் லோகோ வேறெங்கோ போய் நிற்கும். பதிவு செய்யும்போதே கண்ட்ரோல்-ஏ அழுத்தி முழுப் பரப்பையும் தேர்ந்தெடுத்து, அலைன் பொத்தான்களால் வலப்பக்கமும் அடிப்பக்கமும் ஒட்ட வையுங்கள். படம் எந்த அளவானாலும் லோகோ மூலைக்குப் போய்விடும். மூலப் படங்களைத் தொடாதீர்கள். நகலெடுத்த ஃபோல்டரில்தான் ஓட்ட வேண்டும்.

எல்லா ஷார்ட்கட்களும் அடங்கிய முழுப் பட்டியல் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டாம். முதல் வாரம் இவை போதும்: பிரஷ் அளவுக்குச் சதுர அடைப்புக்குறி விசைகள், அதன் அடர்த்திக்கு எண் விசைகள், கறுப்பு வெள்ளைக்கு டி, இரண்டையும் இடம் மாற்ற எக்ஸ், லேயரை (படத்தின் மேல் அடுக்காக இருக்கும் தனித் தாள்) நகலெடுக்கக் கண்ட்ரோல்-ஜே, படத்தை நகர்த்திப் பார்க்க ஸ்பேஸ்பார். இவை கைக்குப் பழகியபின் மீதியைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கணினியில் ஃபோட்டோஷாப் மெதுவாக இருக்கிறது. என்ன செய்ய?

எவ்வளவு ராம், எவ்வளவு பெரிய கோப்பு, எத்தனை லேயர் என்று ஒன்றுமே எழுதாமல் இப்படி ஒரு வரி அனுப்பினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? இந்த ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. மூவரும் விவரம் தரவில்லை. நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சாளரத்தின் அடியில் இருக்கும் தகவல் பட்டையில் எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நினைவகம் போதாமல் மென்பொருள் ஸ்கிராட்ச் டிஸ்க்கை, அதாவது தற்காலிக வேலைக்கான வட்டு இடத்தைப் பயன்படுத்துகிறது என்று பொருள். அந்த டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், அதில் தாராளமாக இடமும் இருக்கட்டும்.

கோப்பின் அளவையும் யோசியுங்கள். 10,000-க்கு 10,000 பிக்சல் என்றால், 8 பிட் ஆர்ஜிபியில் முழுப் பரப்பையும் நிறைக்கும் ஒவ்வொரு லேயரும் நினைவகத்தில் சுமார் 300 எம்பி. 16 பிட்டில் அது இரு மடங்கு. திரையில் மட்டும் தெரியப்போகும் பேனருக்கு இத்தனை சுமை எதற்கு?

வேலை முடிந்ததும் லேயர்களை ஒன்றாக்கி ஜேபெக்காகச் சேமித்துவிடுவேன். வாடிக்கையாளர் திருத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. வேகமாகத் திருத்த வழி உண்டா?

இல்லை. இந்தக் கேள்வி வருடம் முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல். திருத்தத்தைத் தனி லேயராக வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996-இல் வந்தது. எவ்வளவு சுருக்கினாலும் மூலப் படத்தை உள்ளே பத்திரமாக வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் 2005-இல் வந்தது. இத்தனையும் இருக்க, அழிப்பானால் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே தாளாக்கி, அதையும் ஜேபெக்கில் போட்டு மூடுகிறோம். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தை இழக்கிறது. போனது திரும்பாது.

பட்டுத்தான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புத்தக அட்டைக்காக ஒரு பெண்ணின் படத்தை வெட்டி எடுத்தேன். தலைமுடியைச் சுற்றி அழிப்பானால் இழை இழையாகத் தேய்த்து, வெள்ளைப் பின்புலத்தோடு ஒன்றாக்கி அனுப்பினேன். மறுநாள் பின்புலம் கரும்பச்சையாக வேண்டும் என்றார்கள். பச்சையை வைத்ததும் ஒவ்வொரு முடியிழையின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. காதருகே சுருண்டிருந்த இழைகளோ முந்தின நாளே அழிந்து போயிருந்தன. மூலப் படத்தைத் தேடியெடுத்து முதலிலிருந்து செய்ததில் ஒரு நாள் போயிற்று.

அதே வேலையை மாஸ்க்கில் செய்து பாருங்கள். அது லேயரில் எதையும் அழிக்காமல், வேண்டாத பகுதியை மறைத்து மட்டும் வைக்கும் திரை. கறுப்புப் பிரஷ் மறைக்கும், வெள்ளைப் பிரஷ் திரும்பக் கொண்டுவரும். காதருகே அதிகமாக மறைந்துவிட்டதா? எக்ஸ் அழுத்தி வெள்ளைக்கு மாறித் தடவினால் இழை திரும்ப வந்துவிடும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி மாஸ்க்கைக் கிளிக் செய்தால் முழுப் படமும் தெரியும், மறுபடி கிளிக் செய்தால் மறையும். பச்சையானாலும் சிவப்பானாலும் ஓரத்தைச் சற்றுத் தொட்டுச் சரிசெய்தால் போதும், சில நிமிட வேலை.

செய்ததைப் படிப்படியாகப் பின்னோக்கிக் கொண்டுபோகும் ஹிஸ்டரி இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். வழக்கமான அமைப்பில் அது 50 படிதான். பிரஷ்ஷின் ஒவ்வொரு தீற்றலும் ஒரு படி. முடியிழை வேலையில் 50 தீற்றல் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. கோப்பை மூடினால் அதுவும் போய்விடும்.

சுருக்குவதிலும் இதே கதைதான். 2,000 பிக்சல் சதுரப் படத்தை 200-ஆகச் சுருக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினால், நூறில் ஒரு பங்கு விவரத்தை நீட்டி இழுத்து வைத்திருக்கிறீர்கள். சுருக்கும் முன்பே லேயரின் மேல் வலது கிளிக் செய்து ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றுங்கள். லேயர்களோடு சேமிக்கும் பிஎஸ்டி கோப்பை எப்போதும் வைத்திருங்கள். ஜேபெக் அனுப்புவதற்கு மட்டும்.

பின்புலத்தை நீக்கும் பொத்தானை நம்பலாமா?

தொடக்கத்துக்கு நம்பலாம். அது பின்புலத்தை அழிப்பதில்லை, மாஸ்க் போட்டுத்தான் தருகிறது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். முடி, கண்ணாடி, புகை இருந்தால் செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ஓரத்தைச் சரிசெய்யாமல் அனுப்பாதீர்கள்.

இன்னொருவர் செய்த கோப்பில் 140 லேயர்கள். எல்லாவற்றுக்கும் ‘லேயர் 7 காப்பி 3’ போன்ற பெயர்கள். வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூவ் கருவியை எடுத்து, கண்ட்ரோலை அழுத்தியபடி படத்தில் அந்தப் பொருளின் மேலேயே கிளிக் செய்யுங்கள், அதன் லேயர் தேர்வாகிவிடும். அந்த இடத்தில் வலது கிளிக் செய்தால் அடியில் இருப்பவற்றின் பட்டியல் வரும். ஒரு லேயர் எதைச் செய்கிறது என்று தெரியவில்லையா? ஆல்ட்டோடு அதன் கண் சின்னத்தைக் கிளிக் செய்தால் மற்றவை எல்லாம் மறைந்து அது மட்டும் நிற்கும். நீங்களாவது பெயர் வைத்துச் சேமியுங்கள். பெயரின் மேல் இரண்டு கிளிக், அவ்வளவுதான் வேலை.

300 பேருக்குச் சான்றிதழ். பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சேமிக்கிறேன். கை வலிக்கிறது.

இமேஜ் மெனுவில் வேரியபிள்ஸ் இருக்கிறது. பெயர் இருக்கும் எழுத்து லேயரை மாறியாக அறிவித்து, பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு எக்ஸ்போர்ட்டில் டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ் என்பதைக் கொடுத்தால் 300 பிஎஸ்டிகள் வந்துவிடும். அவற்றை ஜேபெக்காக்க மேலே சொன்ன இமேஜ் பிராசஸர். தொடங்கும் முன் பட்டியலில் ஆக நீளமான பெயரைப் போட்டுப் பாருங்கள். எழுத்து தானாகச் சுருங்காது, எல்லையைத் தாண்டி ஓடும்.

தமிழில் தட்டினால் கொம்பு தள்ளிப் போய் நிற்கிறது.

பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதியைப் பாருங்கள். பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் இடம் அங்கே இருக்கும். மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் சோதியுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருப்பது அவசியம்.

நான் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மாஸ்க் அங்கும் நெடுங்காலமாக இருக்கிறது, ஆகவே அழிப்பான் பற்றிச் சொன்னது முழுக்கப் பொருந்தும். 2025-இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களையும் பிறகு திருத்தும்படி வைக்கலாம். இன்னும் 2.10 வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். சேமிப்பது கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில், ஜேபெக் ஏற்றுமதிக்கு மட்டும்.

தானாகச் சேமிக்கும் வசதி இருக்கும்போது கண்ட்ரோல்-எஸ் தேவையா?

தேவை. அந்த வசதி ஃபோட்டோஷாப் திடீரென்று நின்றுபோனால் மீட்டுத் தருவதற்காக. வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். பிரிஃபரன்ஸஸில் 5 ஆக்கிக்கொள்ளலாம். சேமிக்கவா என்று கேட்கும்போது நீங்களே வேண்டாம் என்று அழுத்தி மூடினால் அது காப்பாற்றாது.