எடை குறைந்ததும் பசி ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு 42 வயது, பெண். ஆறு மாதம் டயட் இருந்து 78 கிலோவிலிருந்து 70-க்கு வந்தேன். இப்போது முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது, எடையும் 73 ஆகிவிட்டது. எனக்கு மன உறுதி போதாது என்கிறார் கணவர். ஆன்லைனில் விற்கும் ‘லெப்டின்’ மாத்திரை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். லெப்டின் ஒரு புரதம்; விழுங்கினால் குடலிலேயே செரித்துப்போகும். கொழுப்புத் திசுவில் சுரந்து பசியை அடக்கும் இந்த ஹார்மோனை 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தபோது, பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் பருமனான பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கிறது. பிறவியிலேயே அது சுரக்காத வெகு சிலருக்குத்தான் ஊசி வழியே கொடுத்துப் பெரும் பலன் கிடைத்தது.

உங்கள் கணவரிடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் செய்த ஆய்வைச் சொல்லுங்கள். கனாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து, தினமும் ஏறத்தாழ 360 கலோரி அளவுக்குச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். சாப்பிடுபவருக்கு அந்த இழப்பு தெரியாது. அப்படி மருந்து எடுத்தவர்களின் எடையை ஓராண்டு பின்தொடர்ந்து கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினம் சுமார் 100 கலோரி கூடுகிறது. உடலின் செலவோ 20 முதல் 30 கலோரிதான் குறைகிறது. அதாவது எடையைத் திரும்ப ஏற்றுவதில் ‘மெட்டபாலிசம் மந்தம்’ என்பதைவிடப் பசியின் பங்கே பெரிது. உங்கள் 8 கிலோவுக்கு இது எவ்வளவு இழுவை என்று பெருக்கிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் 5 கிலோவைத் தக்கவைத்திருக்கிறீர்கள்; இது மன உறுதி இல்லாதவர் செய்கிற காரியமல்ல.

பசியோடு மல்லுக்கட்டுவதைவிட உணவின் வகையை மாற்றுவது எளிது. 2019-ல் ஹால் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் மருத்துவமனையிலேயே தங்கி, இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் விரும்பிய அளவு சாப்பிட்டார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமம். இருந்தும் பதப்படுத்திய உணவில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகத் தின்றார்கள். ஒரு கவளத்துக்கு அதில் கலோரியும் அதிகம்.

ஆகவே பிஸ்கட், மிக்சர், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பாட்டில் ஜூஸ், ‘ஹெல்த் டிரிங்க்’ பவுடர் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே வரவிடாதீர்கள். அளவாகத் தின்னலாம் என்ற திட்டம் பசி கூடியிருக்கும் காலத்தில் பெரும்பாலும் தோற்கும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினம் 70 முதல் 80 கிராம் புரதம் தேவை. மூன்று இட்லியில் 6 கிராம் தேறினாலே அதிகம். ஒரு முட்டையிலும் 6 கிராம் உண்டு, வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கப்பில் 7. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கப் சுண்டல் சேருங்கள். மதியம் சோற்றுக்கு முன் பொரியலும் பருப்பும் தட்டில் வரட்டும். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி, இரவு ஏழு மணி நேரத் தூக்கம். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒருமுறை தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். எடுப்பதாக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். பசியோடு அதிகத் தாகமும், அடிக்கடி சிறுநீரும், காரணமில்லாத எடைக்குறைவும் சேர்ந்தால் தாமதிக்காமல் சர்க்கரை பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால் செமாகுளூடைட் போன்ற ஊசிகளைப் பற்றி நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் பேசலாம். பசியை அவை உண்மையாகவே குறைக்கும். ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்பிவிடுகிறது. கணையத்தில் அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.