தானாக ஆறிய புண்

வாசகி: வயது 26. பர்மாவில் மௌல்மீன் பக்கம் கிராமம். நான்கு மாதக் கர்ப்பம். வெள்ளைபடுகிறது, இடுப்பு வலிக்கிறது, நெஞ்செரிச்சல். கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. கடையில் மாத்திரைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டேன். ஊர் சயாமாவிடம் (மருத்துவச்சியிடம்) போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கணவர் எல்லை தாண்டித் தாய்லாந்தின் மேசோட்டில் கட்டட வேலை. தண்ணீர்த் திருவிழாவுக்கு வந்து போனார். பிறகு கீழே ஒரு புண் வந்து தானாகவே ஆறிவிட்டது, வலிக்கவே இல்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, டாக்டர்.

டாக்டர்: நீங்கள் தப்பு செய்ததாக யார் சொன்னார்கள், அம்மா? எனக்குச் சந்தேகம் சிபிலிஸ் மேல்; உடலுறவில் தொற்றும் நோய் அது. கணவர் ஒருவரோடு மட்டும் வாழும் பெண்ணுக்கும் இந்த நோய் வரும். ரத்தப் பரிசோதனை நோய் இருக்கிறதா என்று சொல்லும். யார் கொண்டுவந்தார் என்று சொல்லாது.

வலியில்லாத புண், தானாக ஆறியது: எனக்கு முக்கியம் இது ஒன்றுதான். சிபிலிஸ் புண் அப்படித்தான் வரும். மருந்தே இல்லாமல் சில வாரங்களில் மறைந்துவிடும். புண்தான் ஆறுகிறது, கிருமி ரத்தத்தில் இருக்கிறது. அரிக்காத தடிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அதன்மேல் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி மறைக்காதீர்கள். சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், நோயோடு பிறத்தல் என ஏதாவது நேர்கிறது. உங்களுக்கு இப்போது நான்கு மாதம்தான். காலம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம்.

சயாமாவிடம் புண் கதையைச் சொல்லத் தேவையில்லை. "கர்ப்பகால ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்க வேண்டிய பரிசோதனைகள்தான். கேட்பதில் வெட்கம் இல்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், கால் மணி, இருபது நிமிடத்தில் விடை. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பல கிராம சுகாதார நிலையங்கள் ஆளில்லாமல் கிடப்பது எனக்குத் தெரியும். அப்படியானால் டவுன் மருத்துவமனைக்குப் போங்கள். பஸ் காசோடு ஒரு நாள் நடவுக் கூலியும் போகும்தான். ஆனால் சில்லறைக்குக் கிடைக்கிறதென்று வாங்கிய பொட்டலம் ஒன்றையும் தீர்க்கவில்லையே! உள்ளே என்ன மாத்திரை என்று விற்றவரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கே தெரியாது. இனி ஒன்றுகூட வேண்டாம். மிச்சத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

நோய் இருந்தால் மருந்து பென்சாத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஊசி. வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1943 முதல் சிபிலிஸைப் பென்சிலின்தான் குணப்படுத்துகிறது. வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றும் மருந்து அது ஒன்றுதான். ஒரு தடவை போதுமா, வாரம் ஒன்றாக மூன்று தடவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். முன்பு பென்சிலின் ஒவ்வாமை இருந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம். வயிறு இறுகி இறுகி வலித்தாலோ பிள்ளை அசைவு குறைந்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.

மற்றவை? கர்ப்பத்தில் வெள்ளைபடுதல் கூடும். அரிப்பும் நாற்றமும் இல்லையென்றால் விடுங்கள். இடுப்பு வலியும் நெஞ்செரிச்சலும் நான்காம் மாதத்தில் கேட்காமலே வரும் விருந்தாளிகள். புற்றுநோய் வீடியோவை அழித்துவிடுங்கள்.

கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு நோய் திரும்பி வரும். மேசோட்டில் டாக்டர் சிந்தியா மாங் 1989-இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை, பர்மாவிலிருந்து போன தொழிலாளர்களைப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது. உங்கள் பரிசோதனையில் நோய் தெரிந்தால் அன்றிரவே போன் போடுங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "ரத்தம் பார், ஊசி போட்டுக்கொள்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன் அவர் ஊருக்கு வந்தால் ஆணுறை இல்லாமல் நெருங்க விடாதீர்கள்.