தரையிலிருந்து எழுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 66 வயது, எடை 60 கிலோ. ஆறு வருடமாகத் தினமும் முக்கால் மணி நேரம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு, இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. படி இறங்கும்போது வலது முட்டியில் கொஞ்சம் வலி. போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மகள் இப்போது ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. ‘பாசிட்டிவாக இருங்கள்’ என்று தினம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நடந்தும் ஏன் இப்படி ஆனது? இந்த வயதில் ஜிம்முக்குப் போக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கும்பகோணம்

*

அன்புள்ள அம்மா,

நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் நடையால் கிடைக்காத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்திருக்கிறீர்கள். சமதரையில் நடக்கும்போது ஊன்றிய காலின் முட்டி லேசாகத்தான் மடங்குகிறது. தரையிலிருந்து எழ வேண்டுமானால், முட்டியும் இடுப்பும் நன்றாக மடங்கிய நிலையிலிருந்து உடம்பின் எடையை எல்லாம் தொடையும் பிட்டமும் மேலே தள்ள வேண்டும். குளத்தை நூறு சுற்று சுற்றினாலும் அந்த வேலை ஒரு தடவைகூட நடப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. உங்கள் நடை வாரத்துக்கு 315 நிமிடம். முதல் பாடத்தில் நூற்றுக்கு நூறு, மற்ற இரண்டிலும் பூஜ்யம்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் வேகமாக இறங்கும். போன தசையின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் எடை மெஷின் இதைக் காட்டிக்கொடுக்காது. பத்து வருடமாக அதே 60 கிலோ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

‘வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?’ என்று அடுத்து கேட்பீர்கள். ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றுக் கயிறும் இருந்தவரை போதும் என்று சொல்லியிருக்கலாம். இப்போது கிரைண்டரும் மோட்டாரும் வந்துவிட்டன. வீட்டில் சுமை என்று மிச்சமிருந்தது அந்த ஒரு குடம்தான், அதையும் மகள் வாங்கிக்கொண்டார். அவர் அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் சுமை இல்லாத தசையை உடம்பு வைத்துக் காப்பாற்றாது.

கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி தொண்ணூற்றைத் தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் படமும் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அவர் சின்ன வயதிலிருந்தே செய்துவந்தவர், உங்களுக்கு அந்த உதாரணம் பொருந்தாது. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் எடை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேரின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 66தான் ஆகிறது.

முதலில் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கையில்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வளையும், வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். கை ஊன்றினால் கணக்கில் சேராது. 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே வந்தால் அது குறைவு, விழும் ஆபத்தும் கூடுதல். எத்தனை வந்தாலும் தேதியோடு காலண்டரில் எழுதுங்கள்.

பயிற்சி வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாள் என்றால் திங்களும் வியாழனும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்டியோடு செய்யாதீர்கள். எழும்போது அதன் விளிம்பு காலடியில் மாட்டி இழுக்கும். சுடிதார் நல்லது. சர்க்கரை இருப்பதால் காலில் ஷூ இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் நாற்காலியிலிருந்து எழுவது. விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, வாயால் மூச்சை ஊதிக்கொண்டே எழுங்கள். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, மறுபடி எட்டு. பலரும் தப்பு செய்வது மூன்று இடங்களில். பாதத்தை முன்னால் நீட்டி வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி அந்த வீச்சில் எழுவார்கள், தசைக்கு வேலையே இருக்காது. கடைசி ஒரு சாண் தொப்பென்று விழுவார்கள். பலம் ஏறுவதில் அந்த மெதுவான இறக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. மூன்றாவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும், இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு முறை செய்ய முடிந்தால் சுமையைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு மூன்று, பிறகு ஐந்து. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். செய்துகொண்டே சம்பந்தியோடு போனில் பேச முடிகிறது என்றால் சுமை போதவில்லை. ஆறு மாதமாக அதே இரண்டு கிலோ என்றால் அது பயிற்சி அல்ல, பழக்கம்.

முட்டி வலித்தால் இருக்கையின் மேல் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தை ஏழெட்டு செ.மீ. கூட்டுங்கள். பத்துக்கு மூன்று என்ற அளவில் வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. முட்டி வீங்கினால் சுமையைக் குறையுங்கள். ‘தேய்ந்துபோன மூட்டு, அசைக்காதே’ என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். தொடையை வலுவாக்குவதுதான் மூட்டுத் தேய்மானத்துக்கே முதல் வைத்தியம். பயிற்சிக்கு மறுநாள் தொடைச் சதை வலிப்பது வேறு, சில நாளில் தானாகப் போய்விடும்.

அடுத்தது தூக்குவது. முட்டி உயர ஸ்டூலில் மூன்று கிலோ துணிப்பையை வையுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. பிட்டம் பின்னால் போகட்டும், முதுகு வளையக் கூடாது, பை தொடையை ஒட்டியே மேலே வரட்டும். இங்கேயும் எட்டு, எட்டு.

இது எலும்புக்கும் சேர்த்துத்தான். மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடை தூக்கினார்கள், குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு அது குறைந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்தது அது, வீட்டில் தனியாக அந்த எடைக்குப் போக வேண்டாம். 65 தாண்டியாயிற்று, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எலும்பு மெலிந்திருக்கிறது என்று வந்தால் குனிந்து கால்விரலைத் தொடுவதும் மல்லாந்து படுத்து மேலுடம்பைத் தூக்கி எழும் ‘சிட்-அப்’ பயிற்சியும் கூடாது. மெலிந்த முதுகெலும்பு முன்பக்கம் வளையும்போது நசுங்கலாம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். பழகியதும் சமையல் மேடையில் ஊன்றுங்கள். ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் பையை விலா வரை இழுங்கள், கூன் விழாமல் இருக்க முதுகுக்கு இந்த இழுவை வேண்டும். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பால் காயும் நேரத்தில் சமநிலை பழகலாம். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்துப் பத்து விநாடி, அது சுலபமானதும் ஒற்றைக் காலில் பத்து விநாடி. அடுப்பைத் தொடாத பக்கமாக நில்லுங்கள்.

இனி உங்களை அழவைத்த விஷயத்துக்கு வருகிறேன். தரையிலிருந்து எழுவதற்குப் பலத்தோடு உத்தியும் வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழ முயல்வதாலும், மற்றவர்கள் கையைப் பிடித்து இழுப்பதாலும்தான் சிக்கல். தோள் பிசகுவதும் அப்படித்தான். ஒரு பக்கமாகத் திரும்பி இரண்டு கையையும் தரையில் ஊன்றுங்கள். குழந்தை தவழ்வதுபோல் முட்டி போடுங்கள், அடியில் மடித்த போர்வை இருக்கட்டும். முன்னால் உள்ள நாற்காலியில் கைகளை வையுங்கள். வலி இல்லாத இடது பாதத்தை முன்னால் ஊன்றி, அந்தக் காலாலும் கையாலும் தள்ளி எழுங்கள். இறங்குவது இதையே தலைகீழாக. பக்கத்தில் ஆள் இருக்கும்போது நாளுக்கு ஒரு முறை செய்யுங்கள். சில வாரம் கழித்து நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல், பிறகு உங்கள் தொடையிலேயே கை. விழுந்த பிறகு அடிபடாவிட்டாலும் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இதுதான் மருந்து.

சாப்பாடு. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பார் ரசம் மோர், இரவு இரண்டு தோசை, இரண்டு வேளை காபி என்று போனால் 35 கிராம் தேறுவதே கஷ்டம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம்தான். நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20. சைவம் என்றால் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராம் எடுத்து ஊறவைத்தால் 13, 50 கிராம் பனீர் 9, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை 6, ஒரு டம்ளர் பால் 6. ஒரே வேளையில் குவிக்காமல் வேளைக்கு இருபதாகப் பிரியுங்கள். சர்க்கரைக்காரர் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

மாத்திரைப் பட்டையையும் எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைடு இருந்தால் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள், வியர்த்து நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், பாதம் மரத்துத் தடுமாற்றம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இருமினாலும் கனம் தூக்கினாலும் சிறுநீர் கசிவதால் எதையும் தூக்காமல், வெளியூர் போகாமல், தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். வெளியே சொல்ல மாட்டார்கள். சிறுநீரையும் வாயுவையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்ளே இறுக்கி எட்டு விநாடி பிடியுங்கள், எட்டு விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிட்டத்தையோ வயிற்றையோ இறுக்கினால் பலனில்லை. சிறுநீர் கழிக்கும்போது பழகக் கூடாது. சுமையோடு எழுவதற்கு முன் இந்த இறுக்கம் முதலில் வரட்டும்.

ஜிம் இப்போது அவசியமில்லை. பத்து கிலோ அரிசிப் பையோடு எழ முடிகிற நாள் வந்தால் போகலாம். அங்கே எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வசதி இருக்கிறது, தப்பைத் திருத்த ஆள் இருக்கிறார். ‘ஆன்ட்டி’ என்று ஒரு கிலோ பிங்க் டம்பெல்லைக் கையில் கொடுத்து மூன்று மாதம் வீசவைக்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பாசிட்டிவ் விஷயம். நீங்கள் அழுதது எண்ணம் சரியில்லாததால் அல்ல. கால் கைவிட்டது, நாலு பேர் சிரித்தார்கள், அழுகை வந்தது. அதற்கு வாட்ஸ்அப் வாசகம் என்ன செய்யும்? காலண்டரில் 9 என்பது 11 ஆகும்போது மனதில் ஏற்படும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் அது வேறு, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மகளிடம் வாதாட வேண்டாம், எண்ணும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நிறைகுடம் சுமார் 15 கிலோ. ஸ்டூலிலிருந்து எட்டு கிலோ பையை முதுகு வளையாமல் பன்னிரண்டு முறை தூக்குவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அன்றைக்கு அரைக் குடத்தைத் திரும்பக் கேளுங்கள், அதுவும் தரையில் வைக்காமல் ஸ்டூலில் வைத்ததாக. அதுவரை குடம் அவரிடமே இருக்கட்டும்.

அன்புடன்.